சாப்பிட்டியா என்று கேட்ட பொத்தான்

டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போவதுபோல, போகிற இடத்துக்கெல்லாம் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு இருந்தது. அது சாதாரண கீபோர்டு இல்லை. மெக்கானிக்கல் கீபோர்டு. செங்கல் கனம் இருக்கும். ஒவ்வொரு பொத்தானும் அமுங்கும்போது டக் டக் என்று சத்தம் போடும். (அந்தச் சத்தத்துக்காகத்தான் அதை வாங்குகிறார்கள் என்பதை வீட்டில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை.) நான் சேலத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை செய்பவன். "நீங்க வேலை செய்யறீங்கன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க நம்பறதே இந்தச் சத்தத்தாலதானுங்க" என்பாள் என் மனைவி சுகந்தி.

என்னிடம் கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்று, சொந்த லேப்டாப் ஒன்று. இரண்டும் வேறு வேறு ஜாதி. ஒன்றில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற பொத்தான், இன்னொன்றில் சுண்டுவிரலுக்குப் போய்விடும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்ததில் விரல்கள் குழம்பிப்போயின. அதற்கு ஒரு வழி இருந்தது. இந்தப் பொத்தானை அமுக்கினால் அந்தப் பொத்தானின் வேலை நடக்கும்படி மாற்றி வைத்துக்கொள்ளலாம். கீபோர்டோடு வந்த சாஃப்ட்வேரைத் திறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே பொத்தானில் ஒரு முழு வாக்கியத்தையே ஏற்றி வைக்கலாம், கடைசியில் எண்டரையும் அதுவே தட்டிவிடும் என்று கண்டுபிடித்தேன். அங்கேதான் கெட்டுப்போனேன்.

சுகந்தி அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மதிய இடைவேளையில்தான் போனைப் பார்ப்பாள். எனக்கு அப்போது மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை விசாரிக்காவிட்டால் ராத்திரி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். நான் என்ன செய்தேன் என்றால், கீபோர்டில் நான் பயன்படுத்தவே பயன்படுத்தாத பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானில் ஒரு வாக்கியத்தை ஏற்றினேன். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"சாப்ட்டேன் செல்லம். நீ சாப்ட்யா?"

ஏற்றும்போது ஓர் எழுத்து விட்டுப்போய், 'சாப்ட்டியா' என்பது 'சாப்ட்யா' ஆகிவிட்டது. திருத்த சோம்பல், அப்படியே விட்டுவிட்டேன். சேமிக்கும்போது, கம்ப்யூட்டரில் சேமிக்கவா, கீபோர்டுக்குள்ளேயே சேமிக்கவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. கை போன இடத்தில் அமுக்கினேன். லேப்டாப்பில்தான் சேமித்தோம் என்று மனசார நம்பினேன்.

வாழ்க்கை சுகமாகப் போனது. மதியமானால் வாட்ஸ்அப்பைத் திறப்பேன், ஒரு டக், அவ்வளவுதான். "எங்க ஊட்டுக்காரரு மீட்டிங்ல இருந்தாலும் கேக்காம இருக்க மாட்டாரு" என்று ஸ்டாஃப் ரூமில் அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

என் மாமனாருக்கு நாமக்கல்லில் லாரி ஆபீஸ். அளந்து பேசுகிறவர். டிரைவர்களிடம் பேசினால் லோடு, டீசல், டயர் இந்த மூன்றைத் தாண்டிப் போகமாட்டார். என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "மாப்ள ஊட்லதான் இருக்காரு" என்பார். ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கிறவனைச் சொல்கிற தொனியில்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் போன் செய்தார். "மாப்ள, கம்ப்யூட்டர் பாக்கற புள்ள லீவுங்க. ஒரு நாளைக்கு வந்து உக்கார முடியுங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸ் கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்துபோய், ஸ்பேஸ் பாரைக் குத்தினால்தான் இறங்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு என்னுடையதைச் சொருகினேன். மாமனார் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "நல்ல கனமான சாமானமா இருக்குதுங்க" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மதியம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிவரும் வண்டிகள் வழியில் இருந்தன. தும்கூர் பக்கம் பாலத்தில் வேலை நடப்பதால் சுற்றிப் போகவேண்டும் என்று தகவல் வந்தது. மாமனார் என் பின்னால் வந்து நின்றார். திரையின் ஒரு பாதியில் வழி காட்டும் மேப், மறுபாதியில் அவருடைய வாட்ஸ்அப், அதில் டிரைவர்கள் குரூப். கர்சர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

"இதோ, இந்த ரோட்ட அப்படியே போட்டோவாட்டம் புடிச்சு குரூப்ல போட்டுடுங்க" என்று கையை நீட்டி மேப்பில் காட்டினார். அவருடைய முன்கை குரூப் இருந்த பாதியை முழுசாக மறைத்தது.

திரையைப் படம் பிடிக்க பிரின்ட் ஸ்கிரீனை அமுக்க வேண்டும். மாற்றி வைத்ததெல்லாம் சேலத்து லேப்டாப்பில் அல்லவா இருக்கிறது, இது வேறு கம்ப்யூட்டர்தானே என்று அமுக்கினேன். படம் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். வரவில்லை. கோபத்தில் டக் டக் டக் என்று அமுக்கினேன்.

"படம் புடிக்குதுங்களா?"

"இப்ப வந்துருங் மாமா."

அவர் கையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற வண்டியைப் பார்க்கப் போனார். நான் திரையைப் பார்த்தேன். டிரைவர்கள் குரூப்பில், முதலாளியின் பெயரில், வரிசையாக நின்றது: "சாப்ட்டேன் செல்லம். நீ சாப்ட்யா?" "சாப்ட்டேன் செல்லம். நீ சாப்ட்யா?" கீழே கீழே கீழே. அன்றைக்கு நான் சேமித்தது லேப்டாப்பில் இல்லை, கீபோர்டுக்குள்ளேயே.

எல்லாவற்றையும் தேர்வு செய்து அழித்தேன். மறைந்துபோனது. பெருமூச்சு விட்டேன். அழிக்கும்போது இரண்டு வழி இருக்கிறது, எல்லாருக்கும் அழிப்பது ஒன்று, எனக்கு மட்டும் அழிப்பது இன்னொன்று. அவசரத்தில் நான் எதை அமுக்கினேன் என்பது, பதில்கள் வர ஆரம்பித்தபோதுதான் உறைத்தது.

மூத்த டிரைவர் ஒருவர்: "சாப்ட்டேனுங்க மொதலாளி. இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் கேட்டிருக்கீங்க. கண்ணு கலங்கிருச்சுங்க." இன்னொருவர்: "இல்லீங்க மொதலாளி, லோடு எறங்கிட்டு இருக்குதுங்க. எறங்குனதும் சாப்டறனுங்க." மூன்றாவது ஆள் லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்கிற படத்தையே அனுப்பிவிட்டார்.

மாமனார் திரும்பி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, எல்லாரும் எதுக்குங்க சோத்தப் பத்தியே பேசறானுங்க?"

"ஒருத்தருக்கொருத்தர் விசாரிச்சுக்கறாங்க மாமா." (இந்த அளவுக்குத்தான் என் மூளை அப்போது வேலை செய்தது.)

அதற்குள் அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல். "ஏனுங்க, இந்த நெம்பர் யாருதுங்க?"

"லாரி ஓனருங்க. நீங்க யாரம்மா?"

"மேச்சேரில இருந்து, உங்ககிட்ட வண்டி ஓட்டற பெரியண்ணன் சம்சாரம் பேசறனுங்க. அவரு ஊட்லதான் தூங்கறாருங்க. அவரு போன்ல செல்லம், செல்லம்னு வந்துட்டே இருக்குதுங்க. மொதலாளின்னு பேரப் போட்டு எவளோ அனுப்பறாளாட்டம் இருக்குதுன்னுதான்..." குரல் இழுத்தது. "நீங்க நெசமாவே மொதலாளிதானுங்களா?"

"நெசமாத்தான்மா."

"சரிங்க. அவரு எந்திரிச்சதும் கேட்டீங்கன்னு சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார்.

மாமனார் குரூப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அவருக்கு மட்டும் அழிந்த செய்தி அவர் போனில் எப்படித் தெரியும்? என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுகந்திக்கு போன் போட்டார். கல்யாணத்துக்கு முன்னால் ஆபீஸைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அந்தக் குரூப்பை ஆரம்பித்தவளே அவள்தான், இன்னும் அதில் இருக்கிறாள். இது எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் ஞாபகத்தில் இல்லை.

"அம்மிணி, நம்ம குரூப்ல எம்பேர்ல என்னமோ வந்திருக்குதாம். என்னன்னு பாத்துப் படி."

"இருங்கப்பா, இப்பதான் பெல் அடிச்சுது." சிரிப்போடுதான் ஆரம்பித்தாள். "சாப்ட்டேன் செல்லம். நீ சாப்ட்..."

படிக்கிற குரல் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, போனை அவருகிட்டக் குடுங்க."

வாங்கினேன்.

"அது பட்டனுங்களா?"

"சுகந்தி, அது வந்து..."

"தெனமும் அதே தப்பு வரும். மீட்டிங்குக்கு நடுவுல அவசரமா அடிக்கறாரு பாவம்னு நெனச்சனுங்க. நெதம் ஒரே எழுத்துத் தப்பாகுதே, நம்மளால இதக்கூடக் கண்டுபுடிக்க முடியலியேன்னு இப்பத் தோணுது. நான் கணக்கு டீச்சருங்க! இது கல்யாணம் ஆனதுல இருந்தா?"

"இல்ல, இல்ல. கீபோர்டு வாங்குனதுல இருந்துதான்."

அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். லைன் துண்டானது.

மாமனாரிடம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டியதாயிற்று. பொத்தானைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அமுக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தவறுதலாகப் போய்விட்டது, யாரும் கண்டுகொள்ள வேண்டாம் என்று குரூப்பில் போடுவதற்காக ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, மூத்த டிரைவரின் பதிலை மறுபடி படித்தார். அடித்ததையெல்லாம் அழித்தார்.

"மாப்ள."

"சொல்லுங் மாமா."

"அந்தச் செல்லத்த மட்டும் எடுத்துட்டு, மிச்சத்த இந்தப் பட்டன்லயே வெச்சுத் தர முடியுங்களா?"

வைத்துக் கொடுத்தேன். எழுத்துப் பிழையையும் திருத்தினேன். கீபோர்டு நாமக்கல்லிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதெல்லாம் மதியமானால் மாமனார் உள்ளிருந்து எழுந்து வந்து, அவரே ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறார். ஒருநாள் கரன்ட் போய் அது அனுப்பப்படவில்லை. மொதலாளிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று ஒவ்வொரு வண்டியிலிருந்தும் போன் வந்துவிட்டது.

சுகந்தி என்னிடம் பேச ஒரு வாரம் ஆனது. நான் இப்போது கையால்தான் அடிக்கிறேன். நேற்று அனுப்பியது போலவே இன்றும் இருந்தால் பதில் வராது. ஆகவே தினமும் சாப்பாட்டைப் பற்றிப் புதிதாக ஏதாவது யோசிக்க வேண்டியிருக்கிறது. பீர்க்கங்காய்க்குக்கூட நான் விமர்சனம் எழுதியிருக்கிறேன்.

போன தீபாவளிக்குக் குடும்பமே நாமக்கல்லில் கூடியிருந்தோம். இலை போட்டாயிற்று. மாமியார் கரண்டியோடு வந்து மாமனார் முன்னால் நின்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "ஏனுங் மாப்ள, அவரு லாரிக்காரங்க அத்தன பேரையும் கேக்கறாரு. என்னையக் கேக்கறதுக்கு எந்தப் பட்டன அமுக்கோணுமுங்க?"

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமனார் இலையைப் பார்த்தபடியே கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.