நூறு வராமல் ஓயாதவர்

மனித வரலாற்றில் வேகத்துக்காகவே பிறந்தவர்கள் என்று மூன்று பேரைச் சொல்லலாம். சக்கரத்தைக் கண்டுபிடித்தவர், குதிரைக்குக் கடிவாளம் போட்டவர், என் கணவர். முதல் இருவரும் வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். என் கணவர் இன்னும் முடிக்கவில்லை.

அவர் சோப்புத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. சோப்பு நுரைக்கிறதா, அழுக்குப் போகிறதா என்பதெல்லாம் அவர் துறையில் வராது. எடை சரியா என்று மட்டும் பார்ப்பார். அங்கே அவருக்கு 'மீட்டர்' என்று பெயர். அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு இன்றுவரை பெருமைப்படும் பெரிய மனசு அவருக்கு.

எங்கள் வீட்டு நெட் ஆமையாக ஊர்கிறது என்று முதலில் புகார் சொன்னவள் நான்தான். மகள் பிறந்தபோது விட்ட பிழை திருத்தும் வேலைக்கு, அவள் கல்லூரிக்குப் போகும் காலத்தில், ஒரு பதிப்பகம் என்னைக் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. வெள்ளிக்கிழமை காலை வீடியோவில் இன்டர்வியூ. எனக்கு அந்த வேலை வேண்டும். மானம் பார்க்காமல் சொல்கிறேன், ரொம்ப வேண்டும். "உனக்கென்ன, வீட்ல சும்மாதானே இருக்கே" என்ற வசனம் எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது.

"நீ விடு. இனிமே இது என் டிபார்ட்மென்ட்" என்றார்.

உடனே கூடத்தில் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை அவர். உறுப்பினர்கள் மாமனார், மகள், நான். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். பொத்தானை அமுக்கினால் முள் விறுவிறுவென்று ஏறி, நெட் வேகம் எவ்வளவு என்று எண் சொல்லும். நெட் கம்பெனி தருவதாகச் சொன்னது நூறு. முள் அறுபதில் நின்றது.

"பார்த்தீங்களா? நாற்பது காணோம்!" என்றார், வீட்டில் நகை காணாமல் போன குரலில்.

அன்று அளக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. பல் தேய்த்துக்கொண்டே அளந்தார். சாப்பிடும்போது இடது கையால் அளந்தார். மாடிப்படியில் அளந்தார். ஒருநாள் குளியலறையிலிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இங்க எம்பது வருது! உன் இன்டர்வியூவ இங்கேயே வச்சுக்கலாமா?"

அவர் வேலைக்குப் போனபிறகு மட்டும் நெட் நன்றாக ஓடுவதுபோல் எனக்கு ஒரு பிரமை. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"அளந்தியா?"

"இல்லீங்க. படம் நிக்காம ஓடுச்சு, அதான்..."

"ஓடுறதெல்லாம் ஒரு ஆதாரமா? நம்பர் சொல்லு."

என்னிடம் நம்பர் இல்லை. புகார் தள்ளுபடி.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். அவரும் 'அளவு' கட்சிதான். மடிக்கணினியைத் திறந்து மோடத்தின் பக்கத்தில் வைத்து அளந்தார். சரிபார்ப்பதற்காக இவரும் தோளோடு தோள் நின்று அதே நேரத்தில் அளந்தார். அவருக்கு ஐம்பது வந்தது. இவருக்கும் ஐம்பது.

"சார், லைன்ல குத்தம் இல்ல. பாதியை யாரோ இழுக்கறாங்க."

"எனக்கும் பாதிதான் வருது! அப்ப மீதி எங்க போகுது?"

இரண்டு நிபுணர்களும் ஒருவரை ஒருவர் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு சொல்லிவைத்தாற்போல் கூரையைப் பார்த்தார்கள். மேல்வீட்டில் ஒரு பல் டாக்டர் குடியிருந்தார்.

விசாரணைக் குழு மேலே ஏறியது. என்னையும் சாட்சியாக இழுத்துப் போனார்கள்.

"டாக்டர், எங்க நெட்டை நீங்க யூஸ் பண்றதா ஒரு சந்தேகம்."

"உங்க நெட்டையா? உங்க வீட்டம்மாவே அவசரம்னா இங்க வந்துதான் சார் மெயில் அனுப்பிட்டுப் போறாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பற்களின் படத்தை ஆழ்ந்து பார்த்தேன்.

டாக்டர் இன்னமும் 'கண்காணிப்பில்' இருப்பதாகக் கீழே வந்ததும் அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல் மாற்றப்பட்டது. மகளின் பாட்டு நிறுத்தப்பட்டது. மாமனாரின் மூட்டுவலி வீடியோவும் தடைசெய்யப்பட்டது.

"டேய், எண்ணெய் தேய்க்கிற முறையைப் பாதிதான்டா பார்த்தேன். ஒரு காலுதான் ஆகியிருக்கு!" என்று மாமனார் மன்றாடினார்.

"இன்னொரு கால் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்பா."

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் இருந்த அத்தனை கருவிகளின் வாயையும் கட்டிவிட்டு, எனக்காக லீவும் போட்டிருந்தார்.

"நீ இன்டர்வியூவப் பாரு. நெட்டை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. இந்த மனுஷனைப் போய் எவ்வளவு திட்டியிருக்கிறோம் என்று வருத்தப்பட்டபடியே அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன்.

திரையில் பதிப்பகத்து அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு போய்ச் சேர்வதற்குள் அவர் முகம் வாயைத் திறந்தபடி உறைந்துபோனது. உயிர் வந்தபோது கேள்வி பாதியில் இருந்தது.

"...அச்சுக்குப் போற கடைசி நேரத்துல பெரிய தப்பு கண்ணுல பட்டா என்ன பண்ணுவீங்க?"

எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுவேன், திருத்திய பக்கத்தை வாங்குவேன், தப்பான பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று அழகாகத்தான் சொன்னேன். அங்கே போய்ச் சேர்ந்தது முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் மட்டும்.

"ஆசிரியரைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?" என்றார் அந்த அம்மா, அரண்டுபோய்.

"ஐயோ இல்ல மேடம், நான் சொன்னது..."

மறுபடி உறைந்தார். நான் "மேடம், மேடம்" என்று பொம்மையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒருமுறை குரல் மட்டும் வந்தது.

"உங்க அனுபவமெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வீட்ல நெட் ஒழுங்கா இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வேலை சரிப்படும். மன்னிச்சுக்குங்க."

திரை இருண்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

கதவு படாரென்று திறந்தது. என் கணவர் கைப்பேசியைக் கோப்பைபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர், ஆனந்தக் கண்ணீர்.

"நூறும்மா! நூறு! நீ பேசின நேரம் பூரா ஒரு நிமிஷம்கூட விடாம அளந்துட்டே இருந்தேன். முள்ளு இறங்கவே இல்ல. மொத்த ஸ்பீடும் அப்படியே என் போனுக்கு வந்துச்சு!"

எனவே ஒன்றை மட்டும் சான்றளிக்க நான் கடமைப்பட்டிருக்கிறேன். மேல்வீட்டு டாக்டர் நிரபராதி. எங்கள் வீட்டுக்கு வந்த வேகத்தில் ஒரு துளிகூட வெளியே போகவில்லை. அத்தனையும் குடும்பத் தலைவரிடமே பத்திரமாக இருந்தது. என் வேலையும் அதோடுதான் இருக்கிறது.