ஜமீனுக்குப் பதம் வரவில்லை

சாந்தன்பாறை மலையில் பதம் அண்ணாச்சியைக் கேட்காமல் ஒரு பலாப்பழம்கூடப் பழுத்தது கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவர் எங்கள் ஏலக்காய் எஸ்டேட்டின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கும் இடமல்ல. பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகெரித்து, இரவும் பகலும் உலர்த்துகிற சூட்டறை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் அங்கே தராசு பிடித்தேன்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஒரு காயைக் கிள்ளி, மோந்து, கடைவாயில் ஒரு கடி கடித்து, "இன்னும் பதம் வரலை" என்பார். மேனேஜரே வாய் திறக்க மாட்டார். அதோடு நின்றாரா? முடிவெட்டப் போகிறவனை வழியில் நிறுத்தித் தலையைத் தடவி, "இன்னும் ஒரு வாரம் போகட்டும்லே" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரியைப் பற்றி அவர் சொன்ன கருத்தால் ஒரு சம்பந்தமே முறிந்துபோயிற்று. சூட்டறையை விட்டு மட்டும் நகர மாட்டார். கூடப் பிறந்த தங்கை கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல், "அடுப்பு என்னாச்சோ" என்று அடுத்த லாரியைப் பிடித்து மலையேறிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான், கப்பலேறி ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒரு நாய்க்குட்டியை விட்டுப்போனார். குட்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. வருடம் திரும்புவதற்குள் அது என் இடுப்புக்கு வந்துவிட்டது. சாப்பிடுவதும் படுப்பதும் தவிர வேறு ஜோலி இல்லாததால் ஜமீன் என்று பெயர் வைத்தார் அண்ணாச்சி.

சீக்கிரமே ஜமீனுக்கு ஜோலி வந்தது. எந்த மலையில் பெட்டை நாய் இருந்தாலும் காற்றை ஒரு தரம் மோந்துவிட்டுக் கிளம்பிவிடுவான். வேலிகளெல்லாம் அவன் நெஞ்சுக்குக்கூட எட்டவில்லை. "இன்னொரு வாட்டி வந்தா சுட்டுப்புடுவேன்" என்று பக்கத்து எஸ்டேட் சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். எனக்குத் தூக்கம் போயிற்று. இடி இடித்தால்கூடத் துப்பாக்கிச் சத்தமாகவே கேட்டது.

வண்டிமாடுகளைப் பார்க்கப் போடியிலிருந்து மாட்டு டாக்டர் வந்தபோது, ஜமீனைக் காயடித்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அவர் ஜமீனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பெரிய ஜாதி. சின்னதுலயே பண்ணினா எலும்பு சரியாக் கூடாது. ஒண்ணரை வயசு ஆகட்டும். ஆனா அதுக்கு மேல விட்டுடாதீங்க. ஊர் சுத்திப் பழகிட்டா அப்புறம் நிறுத்த முடியாது."

முதல் பாதி அண்ணாச்சிக்குத் தேனாக இனித்தது. "கேட்டியாலே? டாக்டரும் பதம்தான் பாக்காரு!" இரண்டாம் பாதி அவர் காதுக்குள் போகவே இல்லை.

பங்குனியில் ஒன்றரை வயது முடிந்தது. டாக்டர் கத்தியும் மருந்துமாக வந்து இறங்கினார். அண்ணாச்சி ஜமீனின் தொடையை அமுக்கிப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். கடைசியில் காதை மோந்தார்.

"இன்னும் நெஞ்சு விரியலை டாக்டரய்யா. கொஞ்சம் வெயில் குடிக்கட்டும்."

"இது நாயா, வத்தலா?" என்றார் டாக்டர்.

கோபித்துக்கொண்டவருக்குக் கோழியடித்துச் சோறு போட்டு அனுப்பிவைத்தார்.

வெயில் போய் மழை பிடித்துக்கொண்டது. "இப்பமாவது பண்ணிருவோம் அண்ணாச்சி" என்றேன்.

"ஏலே, கூறு இருக்கா? புண்ணோட அவன் காட்டுக்குள்ள போனா அட்டை சும்மா விடுமா? உள்ளயே பூந்திரும்லா?"

நியாயமான கவலை. இது எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது. அன்றிலிருந்து துப்பாக்கியோடு அட்டையும் என் தூக்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டது.

மழை விடட்டும் என்றார். எங்கள் மலையில் மழை என்றைக்கு விட்டது? ஆவணியில் காயெடுப்பும் தொடங்கிவிட்டது. அடுப்பு எரியும்போது அவரிடம் வேறு பேச்சு எடுபடாது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, போடிமெட்டுக்குப் போகிற பொதிமாட்டுக்காரர்கள் எங்கள் பாதையைக் கடந்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய வெள்ளைப் பெட்டை நாய். ஜமீன் எழுந்தான், மோந்தான், போனான். "ஏலே ஜமீன், நில்லு!" என்று அண்ணாச்சி கத்தியது மலை முழுக்கக் கேட்டது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

மத்தியானம் வரை அண்ணாச்சி தட்டுகளைத் திருப்பினார். ஒரு காயைக் கடித்தார், துப்பினார், அடுத்ததைக் கடித்தார். பிறகு, "அடுப்பைப் பாத்துக்கலே" என்று குடைகூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். என்னிடம் அடுப்பைக் கொடுத்தால் என்னாகும்? கருகிவிடுமோ என்று பயந்து விறகை இழுத்தேன்; அணைந்துவிடுமோ என்று பயந்து மறுபடி திணித்தேன். காய் கருகித்தான் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் தனியாக வந்து சேர்ந்தார். மேனேஜர் கருகின காயை அள்ளிக் காட்டித் தையத்தக்கா என்று குதித்தார். அண்ணாச்சி அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

"காய் அடுத்த வருசமும் காய்க்கும் சார்."

சூட்டறை வாசலில் உட்கார்ந்தார். அடிவாரம் வரை போயிருக்கிறார். பொதிமாட்டுக்காரர்கள் பாதி வழியிலேயே ஜமீனைக் கல்லெறிந்து விரட்டிவிட்டார்களாம், காட்டுக்குள் ஓடினானாம். அதன்பின் அவனை யாருமே பார்க்கவில்லை.

அவர் வேட்டியைத் தூக்கியபோதுதான் கவனித்தேன். முழங்கால் வரை அட்டை. ரத்தம் வழிந்து பாதத்தில் உறைந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. உப்பைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக விழவைத்தேன்.

"டாக்டர் வந்த அன்னிக்கே பதம்தாம்லே" என்றார். பிறகு தன் காலையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அவனுக்கும் இப்படி ஏறியிருக்குமாலே?"

"அவன் ஓடுற ஓட்டத்துக்கு எந்த அட்டை ஏறும் அண்ணாச்சி? கவலைப்படாதீங்க" என்றேன்.

இன்னொரு மனிதரிடம் நான் "கவலைப்படாதீங்க" என்று சொன்னது, இந்த வயது வரைக்கும், அந்த ஒரு தடவைதான்.