அஞ்சு மணி போன்

"மணி அஞ்சு! உங்க அப்பா லைன்ல!"

டெலிபோன் அக்காவின் குரல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்தது. ஐம்பதைக் கடந்த தனிக்கட்டை. ஆனாலும் ஆபீசுக்கே அவர் அக்காதான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் மொத்தமும் கமுக்கமாகச் சிரித்தது.

அப்பா என்றதுமே மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதனைக்கு வந்த தண்ணீர்ப் பாட்டிலை ணங்கென்று மேசையில் வைத்தாள். எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று ஊருக்கே சொல்கிற தலைமை ஆய்வாளர். வயது முப்பது. அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளா என்று தினம் தினம் ஒரு விசாரணை!

மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார். "புது ஊர்ல கூடம் திறக்கிறோம். பொறுப்பை உங்களுக்குத்தான் கொடுக்கணும்னு இருந்தேன். ஆனா..." போனைப் பார்த்தார். "வீட்ல விடுவாங்களா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் அனுப்பணும்."

அப்பா ஓய்வு பெற்ற ரயில் கார்டு. அம்மா போய் எட்டு வருஷமாகியும் வீட்டை ரயில் மாதிரியே நடத்தினார். ஆறு மணிக்குக் கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். அன்றைக்கு அவள் புது ஊர் விஷயத்தைச் சொன்னதும் சீறினார்.

"வேற ஊரா? பேச்சே எடுக்காதே! இந்த ஆபீசுக்கு என்ன குறைச்சல்? நல்ல மனுஷங்க."

"அந்த நல்ல மனுஷங்கதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க! இந்தாங்க, புதுச் செல்போன். இனிமே என்னையே கூப்பிடுங்க."

அப்பா அதை இரண்டு விரலால் தள்ளினார். "இதுல நீ எங்கேருந்து வேணா பேசலாம். ஆபீஸ் நம்பர்தான் அத்தாட்சி. அப்புறம், போன்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல யார்கிட்டேயும் பேசாதே. அது நல்ல பழக்கம் இல்லை."

மறுநாளிலிருந்து மதியம் ஒரு மணிக்கும் ஆபீசுக்குப் போன் வந்தது. செல்போன் வாங்கிக் கொடுத்ததில் கண்ட பலன் அதுதான்.

ஒரு நாள் அவள் வீட்டிலிருந்தபோது பார்த்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலை சீவி, போன் முன்னால் உட்கார்ந்தார்.

"போன் பேச எதுக்குப்பா இஸ்திரிச் சட்டை?"

"ஒழுங்கு!" என்று ஒரு அதட்டல் போட்டார். அன்றைக்கு அவள் லீவு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததோ என்னவோ, எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை அவள் மேலாளரிடம் கெஞ்சி, வீட்டு நம்பரிலிருந்து அழைப்பே வராமல் தடுத்துவிட்டாள். சாயந்திரம் அஞ்சு மணி. மணியடிக்கவில்லை. ஆகா, என்ன நிம்மதி! டெலிபோன் அக்காவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. தலைவலி என்றார்.

வியாழக்கிழமை சரியாக அஞ்சு மணிக்கு அப்பாவே வந்துவிட்டார். இஸ்திரிச் சட்டை, கையில் குடை, வரவேற்பு மேசை முன்னால் விறைப்பாக நின்றார்.

"லைன் கிடைக்கலை. அதான் நேர்ல வந்தேன்."

மேலாளர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சரி, வேற பேரையே அனுப்பிடறேன்."

அவ்வளவுதான். முப்பது வருஷக் கோபம் வாசலுக்கு வந்துவிட்டது.

"என்னை நம்பவே மாட்டீங்களா? நான் என்ன கைதியா? என் வேலைக்கு உலை வெச்சாச்சு, இப்போ திருப்திதானே? சார், என் பேரையே அனுப்புங்க! நான் போறேன்! அந்த நம்பரை எப்பவும் திறக்காதீங்க!"

பதிலுக்குக் கத்தவேண்டிய அப்பா, குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டெலிபோன் அக்கா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார்.

"நீ தாராளமா போம்மா, ஆனா நம்பரை மட்டும் திறந்துவிடச் சொல்லு. நீ கிளம்பிட்டியான்னு கேட்க அவருக்கு அரை நிமிஷம்தான் ஆகும். மிச்ச முக்கால் மணி நேரம் நாங்க உன்னைப் பத்திப் பேசுறதே இல்லை."