தலைவருக்கு நான் போட்ட மார்க்

என் பேச்சுத் திறமையால் மனைவியை ஊருக்குப் போகவிடாமல் தடுத்துவிடுவது என்று ஒரு நாள் முடிவு செய்தேன். முழுசாகத் தடுக்க முடியாது. மகளுக்கு முதல் பிரசவம். டாக்டர் அங்கேதான் என்பதால் அவள் இங்கே வரவில்லை. மூன்று மாதம் போகிறேன் என்கிறாள் இவள். பத்து நாள் போதும் என்கிறேன் நான். நானும் கூடப் போகலாம் என்றால், மகள் வீட்டில் இரண்டே அறை. அதில் சம்பந்திகள் வேறு.

"நீ இல்லாம எனக்கு அடுப்புப் பத்த வைக்கவே தெரியாது" என்று சொல்லித்தான் ஒரு மாதமாக ஒப்பேற்றி வந்தேன். நிஜம் வேறு. நான் ஓய்வு பெற்ற வாத்தியார். இப்போது என்னிடம் பேசுகிற ஒரே ஆள் இவள்தான். அதுவும் ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம். "சாப்பாடு ஆறுது." "கதவைச் சாத்துங்க." "காலை எடுங்க, பெருக்கணும்." அந்த மூன்றும் போய்விட்டால் வீட்டில் என்ன சத்தம் இருக்கும்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கட்சிக்காரர் வந்தார்.

"சார், முப்பது வருஷம் பேச்சுப் போட்டிக்கு நடுவரா இருந்தவர் நீங்க. எங்க தலைவர் பேச்சுக்கும் மார்க் போட்டுக் குடுங்க. நிறை, குறை எல்லாம் எழுதுங்க. மேலிடத்துல கேக்கறாங்க."

ஒரு வாரம் உட்கார்ந்து தலைவரின் பதினோரு கூட்டங்களை வீடியோவில் பார்த்தேன். குரல், பத்துக்கு ஒன்பது. கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். கூட்டமே பதில் சொல்லிவிடும். அதற்குப் பத்துக்குப் பத்து. வலது கை ஆடும்போது இடது கை சும்மா இருக்கும். சாதாரண விஷயமில்லை, பல பேருக்கு வராது. குறை ஒன்றே ஒன்று. கைதட்டல் கேட்டால் மனுஷன் கரைந்துவிடுகிறார். ஒரு ஆஸ்பத்திரி என்று ஆரம்பிப்பார். இரண்டாவது தட்டலில் அதற்கு ஏழு மாடி வந்துவிடும். மூன்றாவது தட்டலில் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கும்.

எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் மனைவி அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

நாலாவது வாக்கியம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்குக் காலையில பத்து நிமிஷம் உக்காரு. உன் பயணத்தைப் பத்தி நான் பேசணும்."

"பேசுங்களேன். ஆனா ஒரே ஆள் கேட்டா அது பேச்சு இல்லீங்க, புலம்பல். பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிடறேன்."

மறுநாள் காலை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்சிக்காரர் சோபாவில். இவள் ஸ்டூலில், துணி மடித்துக்கொண்டு.

"இந்த வீட்டின் இன்றைய நிலை என்ன?" என்று கேட்டு நிறுத்தினேன்.

"துணியெல்லாம் காஞ்சாச்சு" என்றாள்.

விடவில்லை நான். "இந்தக் குடும்பத்துக்காக உழைக்காதவனா நான்?"

துணியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். ஒருத்தர் கைதட்டினால் போதுமே, கட்சிக்காரருக்கு அது பழக்கதோஷம், அவரும் தட்டினார். முப்பது வருஷம் மேடையில் மற்றவர்களுக்கு 'நேரமாச்சு' என்று மணி அடித்தே காலம் போச்சு. எனக்கென்று யாரும் தட்டியதில்லை. நாற்காலியை விட்டுவிட்டு முன்னால் வந்தேன்.

"அடுப்பு என்ன பெரிய அடுப்பு?"

தட்டல்.

"சமைப்பேன். துவைப்பேன்."

இன்னும் பலமான தட்டல்.

"பாத்ரூமும் கழுவுவேன்."

கட்சிக்காரர் எழுந்து நின்று விசிலடித்தார். அவ்வளவுதான். "மூன்று மாதமென்ன, எத்தனை மாதமானாலும் இந்த வீட்டை நான் ஒண்டியாகவே நடத்திக் காட்டுவேன்!"

"அப்படின்னா சரி" என்று இவள் எழுந்தாள். "அண்ணே, நீங்கதான் சாட்சி."

"நான் சொல்ல வந்தது அது இல்லம்மா."

"சொல்ல வராததையே இவ்வளவு நல்லாப் பேசறீங்களே."

கட்சிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க தலைவரே தோத்தார் சார்."

மடித்த துணியெல்லாம் நேராகப் பெட்டிக்குள் போனது. மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். 'போகாதே, எனக்குத் தனியா இருக்க முடியாது' என்று ஜன்னலோரம் நின்று சொல்லியிருக்கலாம். அதற்குக் குரல் ஏற்றம், கையாட்டல் எதுவும் வேண்டாம். பஸ் போகிறவரை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"தனியா கஷ்டமா இருக்கா? இருந்தா சொல்லிடுங்க."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் சம்பந்தியின் குரல் கேட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஜமாய்ச்சிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. அப்ப ஆறு மாசம் இருந்துட்டே வந்துடறேன்."