ஜீவனாம்சத்துக்கு ஒரு வரன்

"அவதான் என்னை வேணாம்னு போனா. நான் எதுக்கு சார் மாசாமாசம் தண்டம் அழணும்?"

போட்டோகிராபர் மேஜையில் குத்திய குத்தில் வக்கீலின் காபி துள்ளி வக்கீலின் சட்டையிலேயே விழுந்தது. விவாகரத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. முன்னாள் மனைவிக்கு ஜீவனாம்சம் கட்டும் நாளில் மட்டும், படம் எடுக்க வருகிறவர்களிடம் "சிரிங்க" என்று அவர் சொல்லவே மாட்டார்.

"தண்டம் இல்ல சார். ஸ்டூடியோ ஆரம்பிச்சு நீங்க ஈ ஓட்டிக்கிட்டு இருந்தப்போ, அந்தம்மா சம்பளத்துலதானே வீட்டுல அடுப்பெரிஞ்சது? வெளியூர்ல கிடைச்ச பெரிய வேலையையும் உங்களுக்காக வேணாம்னாங்க. கோர்ட்டு அதையெல்லாம் பார்க்கும்."

"நீங்க எனக்கு வக்கீலா, அவளுக்கா?"

தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க," என்று வக்கீல் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை.

நீதிபதி கடைக் கணக்கைக் கேட்டார். புதுக் காமிரா, ஏசி அறை, வேலைக்கு இரண்டு ஆள் என்று எல்லாம் சபைக்கு வந்தது. "நல்லாத்தானே சம்பாதிக்கறீங்க?" என்று சொல்லித் தொகையைக் கூட்டிவிட்டார்.

"அநியாயம்! இதுக்கு ஒரு முடிவே கிடையாதா?"

"இருக்கு. அந்தம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா நின்னுடும்."

போட்டோகிராபர் அங்கிருந்து நேராகக் கல்யாணத் தரகரைப் பார்க்கப் போனார். மறுநாளே முன்னாள் மனைவியின் படம் பெரிய அளவில் ஸ்டூடியோ ஷோகேஸில் ஏறியது.

முதலில் வந்தவர் படத்தை உற்றுப் பார்த்தார். "மூக்கு கொஞ்சம் பெருசோ?"

போட்டோகிராபருக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. அந்த மூக்கைக் குறை சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு. "உன் மூஞ்சிக்கு இந்த மூக்கைப் பத்திப் பேச்சு வேறயா? வெளியே போய்யா!"

அடுத்தவர், "சம்பளத்தை என் கையில குடுத்துடுவாங்கல்ல?" என்று கேட்டார். அவரும் வாசலைப் பார்க்க வேண்டியதாயிற்று.

"நீங்க வரன் தேடறீங்களா, வம்பு தேடறீங்களா?" என்று தரகர் எரிந்து விழுந்தார்.

போதாக்குறைக்கு முன்னாள் மனைவியே போன் செய்தாள். "என் படத்தை எவனைக் கேட்டு மாட்டினே? இன்னைக்கே கழட்டலேன்னா நஷ்டஈடு கேட்டுத் தனியா கேஸ் போடுவேன்."

போட்டோகிராபர் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார். இனி வருகிறவனை எப்படியாவது அமுக்கிவிட வேண்டும்.

தரகர் அடுத்து அனுப்பியது ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை. கூடவே ஒரு பெண்மணியும் வந்தார். "ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க," என்றார் மெக்கானிக். அந்த அம்மாள் படமெடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என் முன்னாள் மனைவி பத்தரைமாத்துத் தங்கம் சார்," என்று ஆரம்பித்தார் போட்டோகிராபர்.

"அப்ப ஏன் பிரிஞ்சீங்க? தப்பு உங்க மேலயா?"

வசமாக மாட்டிக்கொண்டார். அவள் தங்கம் என்றால் இவர்தானே பித்தளை? "ஆமா சார். நான் கோபக்காரன்."

மெக்கானிக்கின் முகம் விழுந்தது. அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

போட்டோகிராபர் பதறினார். "அது அப்போ சார்! இப்ப பசு மாதிரி ஆயிட்டேன்!"

இருவரும் மறுபடி மலர்ந்தார்கள்.

"குடி உண்டா?"

"தொட்டதில்ல."

"கடை?"

"சொந்தக் கட்டடம்."

"சமையலுக்கு ஆள் இருக்கா?"

"நானேதான் சமைக்கறேன்." இவனுக்கு எதுக்கு இந்த விசாரணை எல்லாம் என்று உள்ளுக்குள் பொங்கியதை விழுங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க. தலையை நிமிர்த்துங்க," என்றார் அந்த அம்மாள். ஊரையே அப்படி நிற்கவைத்துப் பழகியவர், வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் மெக்கானிக்கிடம்.

"அப்பாடா!" போட்டோகிராபருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப சார் பொண்ணை எப்ப வந்து பார்க்கறார்?"

"இவர் எதுக்குங்க பொண்ணு பார்க்கணும்?" என்றார் அந்த அம்மாள். "எனக்கு ஜீவனாம்சம் கட்டிக் கட்டி இவருக்கு அலுத்துப்போச்சு. அதான் எனக்கு உங்களைப் பார்க்கக் கூட்டிட்டு வந்திருக்கார்."