கம்ப்ரஷன் போன மெஷின்

கொல்லையில் நிற்கும் பூவரச மரத்தை ஆள் வைக்காமல் நானே அறுத்துத் தள்ளுவது என்று வீரமாகத் தீர்மானித்தேன். என் மனைவி ஹபீபுன்னிசாவின் தம்பி காதர் மைதீனிடம் மரம் அறுக்கும் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். கீழ்வேளூரில் அவனுக்குப் பிழைப்பே அதுதான். மறுநாள் நாகப்பட்டினத்தில் வேலை இருப்பதாகச் சொல்லித்தான் கொடுத்தான்.

இரண்டு கிளை விழுந்தது. பெட்ரோல் தீர்ந்தது. ஊற்றினேன். மூன்றாவது கிளையின் பாதியில் மெஷின் ஒரு கேவல் கேவி ஓய்ந்தது.

கயிற்றை இழுத்தேன். முரண்டு பிடிக்காமல் வந்தது. கோளாறைக் கண்டுபிடிக்கப் போனில் ஒரு வீடியோ வழி சொன்னது: கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடு. கம்ப்ரஷன், அதாவது என்ஜினுக்குள் காற்றழுத்தம், இருந்தால் விட்டு விட்டு இறங்கும். இல்லையென்றால் சர்ரென்று இறங்கும்.

சர்ரென்று இறங்கி என் பெருவிரல் மேல் உட்கார்ந்தது.

அப்போதுதான் உறைத்தது. பிஸ்டன் தேயாமல் இருக்கப் பெட்ரோலில் கலக்க வேண்டிய டூ டி ஆயிலை நான் கலக்கவில்லை! துபாயில் பதினெட்டு வருடம் கார் ஓட்டிய கை. பெட்ரோலை அப்படியே ஊற்றித்தான் பழக்கம்.

அவமானத்தில் காது சுட்டது. உடனே ஒரு திட்டம் போட்டேன். இன்றைக்கும் சொல்லக் கூசுகிறது. மெஷின் முன்னாலேயே கெட்டிருந்தது என்று பழியை அவன் தலையில் கட்டிவிடுவது.

"என்னங்க, சத்தத்தைக் காணோம்?" ஹபீபுன்னிசா வந்துவிட்டாள்.

"உன் தம்பி குடுத்த மெஷின் லட்சணம் அப்படி. கம்ப்ரஷனே இல்ல."

"பிளக்கு லூசா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். தள்ளுங்க."

பம்ப்செட் ரிப்பேர்காரர் மகள் அவள். பிளக்கை முறுக்கினாள். கயிறு அப்படியே தொளதொளத்தது. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தாள். பிஸ்டன் முழுக்க உழுதுபோட்ட மாதிரி கோடுகள்.

"ஆயில் கலந்தீங்களா?"

"கலக்காம?"

"நெசமா?"

"சத்தியமா!"

"அப்ப தப்பு அவன் மேலதான்." போனைக் காதில் வைத்தாள். "ஏண்டா, கெட்ட மெஷினையா எங்க வூட்டுக்காரருகிட்ட குடுத்த? அவரு சத்தியம் பண்றாருடா... என்னது, நாளைக்கு வேலை போச்சா? போவட்டும்... சீ, ஆம்பளப்புள்ள அழுவலாமா? மன்னிப்பா? அதை அவருகிட்டயே கேளு."

போனை என்னிடம் நீட்டினாள். பிழைப்பைக் கெடுத்தவன் நான். மன்னிப்புக் கேட்பவன் அவனா?

"மச்சான், அழுவாதீங்க! ஆயில் கலக்காம ஊத்துனது நான்தான். பொய் சொல்லிட்டேன். பிஸ்டன் நான் மாத்தித் தர்றேன். நாளைக்கு வாடகைக்கு ஒரு மெஷினும் எடுத்துத் தர்றேன் மச்சான்!"

"ஹலோ? ஹலோ?" போனைப் பார்த்தேன். திரையில் மணியும் தேதியும் மட்டும் இருந்தன.

ஹபீபுன்னிசா போனை வாங்கி நம்பரைத் தட்டி, திரும்ப என் கையில் வைத்தாள்.

"இப்பத்தான் ரிங் போவுது. சொன்னதுல ஒரு வார்த்தை விடாம அவன்கிட்ட சொல்லுங்க."