கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டரும் கொஞ்சம் பொரியும்

ஒன்றும் தெரியாதவனால் ஒரு கம்பெனிக்குப் பெரிய ஆபத்து வந்துவிடாது. அவன் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருப்பான். போன வாரம்தான் தெரிந்துகொண்டவன் ஒருவன் இருப்பான் பாருங்கள், அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தப் போன வாரத்து ஆசாமியே நான்தான்.

2008 என்று நினைவு. ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட்டில் டிரெய்னியாக இருந்தேன். டிபார்ட்மென்ட் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான். ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பம் எங்களுடையது. மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் மழையைப் பற்றிய பேச்சு. அங்கிருந்து கிளம்பி வந்த முதல் கம்ப்யூட்டர் டிப்ளமோ நான். "எம்பையன் ஓசூர்ல கம்ப்யூட்டர் இஞ்சினீரு" என்று அம்மா பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வருடக் கடைசிக்குள் பிளான்ட் மேனேஜர் முத்துராமன் சார் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கண்டக்டரிலிருந்து எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் டிஸ்பாட்ச் கம்ப்யூட்டர் செத்தது. புகை விட்டுக்கொண்டு, கௌரவமாகச் செத்தது.

டிஸ்பாட்ச் என்பது மஞ்சுளா அக்காவின் ராஜ்ஜியம். ஓசூர் பக்கத்துப் பேரிகை என்ற ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரி டிரைவர்களிடம் கன்னடம். (கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்.) பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்க அவரிடம் ஒரு பழைய சாஃப்ட்வேர் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. எழுதியவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால், அதிலிருந்த புது விண்டோஸில் இந்தப் பழைய சாஃப்ட்வேர் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்தது. லேபிள் இல்லாமல் பெட்டி போக முடியாது. பெட்டி போகாவிட்டால் பெங்களூரில் வாடிக்கையாளர் தொழிற்சாலையில் 'லைன் ஸ்டாப்', அதாவது உற்பத்தியே நின்றுவிடும். எங்கள் பக்கம் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அழுகிற குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் நான் விர்ச்சுவல் மெஷின் பற்றிப் படித்திருந்தேன். அதாவது, ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஓட வைக்கலாம். வெளியே புது விண்டோஸ், அதற்குள் ஒரு ஜன்னலில் பழைய விண்டோஸ், அதற்குள் மஞ்சுளா அக்காவின் லேபிள் சாஃப்ட்வேர்.

இரண்டே நாளில் செய்து முடித்தேன். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று அது கேட்டது. மொத்தம் இருந்ததே ஒரு ஜிபி. நம் பிள்ளைக்கு நாமே குறை வைக்கலாமா என்று திரையிலிருந்த அளவுக் கோட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்து விட்டேன். ஏதோ எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்தது. கீழே 'இனிமேல் இதைக் காட்டாதே' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்தேன். (என் இருபத்து மூன்று வயதின் முழு வரலாறும் அந்த ஒரு டிக்கில் அடங்கிவிடும்.)

முதல் லேபிள் வந்ததும் முத்துராமன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மதுரைக்காரர். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"ஏப்பா, உள்ள இருக்கறது வேற கம்ப்யூட்டரா?"

"ஆமா சார்."

"வெளிய இருக்கறது?"

"அதுவும் வேற கம்ப்யூட்டர் சார்."

"அடேங்கப்பா! ஒண்ணு வாங்கி ரெண்டாக்கிட்டியே!" என்று முதுகில் தட்டினார். அன்றைக்கு கேன்டீனில் எனக்கு மட்டும் வடை பெரிதாக இருந்ததாகத் தோன்றியது.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆகி நின்றது. மவுஸ் அம்பு நடுத்திரையில் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது. கேபினட்டில் சின்னச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய, உள்ளே கரகரவென்று யாரோ கேழ்வரகு அரைக்கிற சத்தம். பத்து நிமிடம் கழித்து அம்பு ஒரு அங்குலம் நகர்ந்தது. மறுபடி நின்றது.

நின்ற முதல் நாளே மஞ்சுளா அக்கா சொன்னார்: "தம்பி, நீ வச்ச அந்த ஜன்னலத் தெறக்கற வரைக்கும் நல்லாத்தாம்பா ஓடுது. அதத் தெறந்துட்டு, பக்கத்துல என் எக்செல்லையும் தெறந்தா நின்னுடுது."

நான் சிரித்தேன். எப்படிப்பட்ட சிரிப்பு என்றால், இன்று அதை யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் கைகலப்பாகிவிடும். "அக்கா, இது வோல்டேஜ் பிரச்சினை. டெக்னிகல். உங்களுக்குச் சொன்னா புரியாது" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய லேபிள் ஒன்றால் விசிறிக்கொண்டார்.

வோல்டேஜுக்காக யூபிஎஸ் மாற்றினேன். நின்றது. வைரஸாக இருக்கும் என்று ஆன்டிவைரஸ் போட்டேன். அது தேடுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, முன்பு பத்து நிமிடம் நின்றது இப்போது அரை மணி நேரம் நின்றது. சூடுதான் காரணம் என்று முடிவு செய்து கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்தேன். கேன்டீனிலிருந்து ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கி வந்து அதற்கு நேராகத் திருப்பினேன். கம்ப்யூட்டர் அசையவில்லை. மஞ்சுளா அக்காவின் டெலிவரி சலான்கள் அத்தனையும் அசைந்தன. எடைமேடை வரைக்கும் ஓடிப் பொறுக்கினோம். ஓடும்போது அக்கா சொன்னவற்றில் எனக்குத் தமிழ் மட்டும் புரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இத்தனையிலும் நான் செய்து வைத்த விர்ச்சுவல் மெஷின்மேல் எனக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. தெருவே புகார் சொன்னாலும் தன் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளையும் சந்தேகப்படுகிற தாயைப் போல இருந்தேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் அதுதான் பெரிய திருநாள். லேத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி. நான் டிஸ்பாட்ச் கம்ப்யூட்டருக்குத் தனிக் கவனிப்பு செய்தேன். அறிவியல் கைவிட்ட இடத்தில் ஆண்டவனாவது பார்க்கட்டும் என்று குங்குமத்தை அள்ளித் தூவி, பொரியும் பொட்டுக்கடலையும் தலையில் கொட்டினேன். மூடி கழற்றியே இருந்தது என்பது அப்போது என் ஞாபகத்தில் இல்லை.

பூஜை முடிந்த அடுத்த வாரம், ஒரு காலை பத்து மணி. வாடிக்கையாளர் தொழிற்சாலையிலிருந்து தரக்கட்டுப்பாட்டு அதிகாரி பசவராஜு வந்திருந்தார். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முத்துராமன் சார் அவரை நேராக டிஸ்பாட்சுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"சார், நம்ம பையன் ஒரு வேலை பண்ணிருக்கான், அவசியம் பாக்கணும். கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரு!"

வாசலில் லாரி நின்றிருந்தது. பெட்டிகள் தயார், லேபிள்தான் பாக்கி. மதியத்துக்குமுன் கிளம்பாவிட்டால் ஜூஜுவாடி எல்லைச் சோதனைச் சாவடி நெரிசலில் மாட்டிக்கொள்ளும். டிரைவர் தலையை நீட்டி, "சாமி, இன்னூ எஷ்டொத்து?" என்று கேட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்று அர்த்தம்.

ஜன்னலைத் திறந்தேன். லேபிள் சாஃப்ட்வேரைத் தொட்டேன். அம்பு நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கேழ்வரகு அரைபட்டது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"யோசிக்குது சார்" என்றேன்.

"என்னத்த யோசிக்குது?" என்றார் முத்துராமன் சார், பல்லுக்கு நடுவில்.

ஐந்தாவது நிமிடத்தில் எனக்குப் புது ஞானம் பிறந்தது. "தூசி சார்! உள்ள தூசி அடைச்சிருக்கு!" பக்கத்தில் பெட்டிகளைச் சுத்தம் செய்ய வைத்திருந்த காற்றுக் குழாயை எடுத்தேன். இரும்புத் துகளையே பறக்கடிக்கிற அழுத்தம் அதற்கு. மஞ்சுளா அக்கா, "தம்பி, வேண்டா, அந்தப் பக்கம் சாரு..." என்று ஆரம்பித்தார். நான் அழுத்திவிட்டேன்.

என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் பசவராஜு. கேபினட்டின் உள்ளிருந்து முதலில் குங்குமம் வந்தது. அப்புறம் சாமந்தி இதழ்கள். அப்புறம் படபடவென்று பொரி. கல்யாண வீட்டில் அட்சதை போடுகிற மாதிரி, ஆனால் நேராக முகத்தில். புழுதி அடங்கியபோது வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாக இருந்தது. மீசையில் ஒரு பொரி உட்கார்ந்திருந்தது.

ஊத்தங்கரை பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

பசவராஜு மீசையிலிருந்து பொரியை இரண்டு விரலால் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரசாதமா?"

"ஆயுத பூஜை சார்" என்றார் மஞ்சுளா அக்கா.

முதலில் வெடித்துச் சிரித்தவர் லாரி டிரைவர். அடுத்தது பசவராஜுவே. குங்குமம் பூத்த முகத்தோடு அவர் வயிறு குலுங்கச் சிரிக்க, முத்துராமன் சாரும் அனுமதி கிடைத்தவர்போலச் சிரித்தார். நான் மட்டும் காற்றுக் குழாயோடு நின்றேன். அது இன்னும் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பசவராஜு கேட்டார்: "இதுல தினம் வேலை பண்றது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

"எப்போ நிக்குது, சொல்லுங்கம்மா."

"அந்த உள் ஜன்னலத் தெறந்து, கூட வேற எதத் தெறந்தாலும் நிக்குது சார். மூடுனா ஓடுது. நான் மொதல்லருந்து அதத்தான் சொல்றேன்."

"சொல்ப தள்ளுங்க" என்று பாதிக் கன்னடத்தில் என்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். அவர்கள் தொழிற்சாலையிலும் இதே போல ஒன்று ஓடுகிறதாம். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத அந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். நான் கடைசிவரை இழுத்துவிட்ட கோடு, இழுத்துவிட்ட இடத்திலேயே நின்றது.

"மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். அதுல உள்ள இருக்கறவனுக்குத் தொள்ளாயிரம் குடுத்துட்டீங்க. வெளிய இருக்கறவன் எதுல உயிர் வாழ்வான்? விருந்தாளிக்கு இருக்கற சோறெல்லாம் போட்டுட்டு, வீட்டுக்காரனப் பட்டினி போட்டா அவன் மயக்கம் போட்டுத்தான விழுவான்?"

தொள்ளாயிரத்தை இருநூற்று ஐம்பத்தாறு ஆக்கினார். ஜன்னல் திறந்தது. அக்கா எக்செல்லைத் திறந்தார். அம்பு மீன்குஞ்சு போல ஓடியது. பிரிண்டர் கிர்ரென்று லேபிள்களைத் துப்ப ஆரம்பித்தது. கடைசிப் பெட்டியில் ஒட்டும்வரை நான் தலை நிமிரவில்லை. லாரி நேரத்துக்குக் கிளம்பியது. போகும்போது டிரைவர் தேவையில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

மாலையில் முத்துராமன் சார் கூப்பிட்டார். மேஜையில் என் ஃபைல் இருந்தது.

"நீ கெட்டிக்காரன்தாம்ப்பா. நீ செஞ்சு வைக்கலைன்னா, அந்தாளு ரெண்டு நிமிசத்துல சரிபண்றதுக்கு அங்க ஒண்ணு இருந்திருக்குமா? கையெழுத்துப் போடுறேன். ஆனா இனிமே அங்கிட்டு எதத் தொட்டாலும், முதல்ல மஞ்சுளாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

நேராக டிஸ்பாட்சுக்குப் போனேன். "அக்கா, நீங்க மொத நாளே சொன்னீங்க."

"சொன்னேன். நீதான் டெக்னிகல்னு சொன்னே."

"மன்னிச்சிருங்கக்கா."

"சரி விடு. ஆனா அந்தாளு மீசையில பொரி..." அதற்கு மேல் பேச முடியாமல் மேஜையில் தலைவைத்துச் சிரித்தார். நானும் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தேன்.

நான்கு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு அக்கா ஊத்தங்கரை வந்தார். மேடையேறிப் புதுப்பெண்ணின் காதில் முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். புகைப்படத்தில் நான் விறைப்பாக நிற்க, என் மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது அதனால்தான்.

போன மாதம் மாமனார் வீட்டிலிருந்து திடீரென்று ஒன்பது பேர் வந்தார்கள். மனைவி சுடச்சுடப் பூரி போட, நான் பரிமாறினேன். இன்னொண்ணு வைங்க, இன்னொண்ணு வைங்க என்று உபசரித்து, கடைசிப் பூரியையும் மச்சான் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பசியில் எதுவும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. என் எட்டு வயது மகள் முகத்துக்கு நேராக வந்து கையை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"அம்மா! எல்லாருக்கும் குடுத்துட்டு அப்பா ஹேங் ஆயிட்டாரு!"